இரண்டு பேரில் முதலாவது

படித்த காலத்தில் வகுப்பில் நான்தான் முதலாவது. இதைப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாரிடம் சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த தேயிலைத் தோட்டத்தில் துரையிடம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தபோதெல்லாம், அவர்கள் எழுந்து வெளியே போகும்வரை சொல்லியிருக்கிறேன். இவர்களில் ஒருவர்கூட வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேர்.

வகுப்பு என்பதே கொஞ்சம் பெரிய பேச்சு. இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்தில் ஏழெட்டுத் தோட்டங்களுக்குப் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. தகரக் கூரை, ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு, நடுவில் மருந்தறை. மழை பிடித்துவிட்டால் தகரச் சத்தத்தில் நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வது காதில் விழாது. கையால் காட்டச் சொல்ல வேண்டும். அந்த மருந்தறையின் ஒரு மூலையில், ஒரு மேசை, இரண்டு முக்காலி, எதிரே டொக்டர் ஐயாவின் நாற்காலி. அதுதான் வகுப்பு. ஐம்பதுகளின் நடுவில் அங்கே இரண்டு வருடம் படித்தேன்.

படித்தது டிஸ்பென்சர் வேலைக்கு. தோட்டங்களுக்கு டொக்டர் எப்போதாவதுதான் வருவார். காய்ச்சலோ பேதியோ, தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டோ, முதலில் பார்த்து மருந்து கொடுப்பவர் டிஸ்பென்சர்தான். நல்ல உத்தியோகம். ஆனால் ஆஸ்பத்திரியில் பழகியது மட்டும் போதாது. கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, வாய்மொழியாகவும் பதில் சொல்லி, தேறிப் பெயர் பதிந்துகொண்டால்தான் தோட்டத்தில் மருந்து கொடுக்கலாம். அந்தப் பரீட்சைக்கு எங்களைத் தயார் செய்வது டொக்டர் ஐயாவின் பொறுப்பு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆங்கிலத்தில் பாடம் சொல்லுவார். நாங்கள் கிறுக்கிக்கொண்டு, பிறகு கொப்பியில் அழகாக எழுதி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை நூற்றுக்கு இத்தனை என்று வாசிப்பார். எங்களுக்கு இருந்த ஒரே மார்க் அந்தக் கொப்பி மார்க்தான்.

நான் கணக்கப்பிள்ளை மகன். ஹட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆங்கிலம் தெரியும், கையெழுத்து மணி மணியாக இருக்கும். ஒரே ஒரு குறை, இரத்தத்தைப் பார்த்தால் எனக்கு ஆகாது. முதல் நாளே கவ்வாத்துக் கத்தி முழங்காலுக்குக் கீழே இறங்கிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டொக்டர் ஐயா துணியை விலக்கியதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது. கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். கால் வெட்டுப்பட்டவர் தலையைத் திருப்பி, "ஐயாவுக்கு என்னாங்க நோவு?" என்று அக்கறையாக விசாரித்தார்.

கூடப் படித்தவன் என்னைவிட நாலு வயது மூத்தவன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு, பிறகு தலவாக்கலையில் ஒன்றிரண்டு வருடம். அதற்குப் பிறகு இதே ஆஸ்பத்திரியில் வாளி தூக்கி, தரை கழுவி, புண் கழுவக் கற்று, கட்டுப்போடக் கற்று மேலே வந்தவன். அவன் கட்டுப்போட்டால் அவிழாது, வலிக்காது. டொக்டர் ஐயாவே அவன் கையைப் பார்த்துத்தான் துரைமாரிடம் பேசி படிப்பில் சேர்த்தார். ஆனால் ஆங்கிலம் அவனுக்கு விரல் வைத்து வாசிக்கிற அளவுதான். அவன் எழுதிய ஆங்கிலத்தை மறுநாள் அவனாலேயே வாசிக்க முடியாது.

இரண்டாவது வாரமே அவன்தான் வந்து கேட்டான்.

"மச்சான், நீ கட்டுப் பிரிக்கிறப்ப கண்ண மூடிக்கிற. எனக்கு அந்தக் கொப்பியத் தொறந்தா அதே மாதிரி இருட்டிக்கிட்டு வருது. ஒன் வார்டு வேலைய நான் பாத்துக்கிறேன். என் கொப்பிய நீ எழுதுறியா?"

எனக்குக் கசக்குமா? அன்றிலிருந்து என் பங்குப் புண்களை அவன் கழுவினான், என் பங்குச் சீழை அவன் துடைத்தான். நான் மருந்தறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு கொப்பி எழுதினேன். டொக்டர் ஐயாவுக்குக் கையெழுத்து ஒன்றுபோல இருப்பது தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர் எதையும் கேட்டுத் தொந்தரவுபட விரும்பாத மனிதர்.

முதல் வாரம் நேர்மையாகத்தான் எழுதினேன். என் கொப்பியை முதலில் எழுதி முடித்து, பிறகு அதைப் பார்த்து அவனுடையதை எழுதினேன். இரண்டாம் தடவை எழுதும்போது கை தானாகவே கொஞ்சம் திருத்தமாக எழுதுமல்லவா, அப்படி இரண்டு மூன்று இடத்தில் திருத்தமாக அமைந்துவிட்டது. சனிக்கிழமை டொக்டர் ஐயா எனக்கு எண்பத்திரண்டு என்றும் அவனுக்கு எண்பத்தாறு என்றும் வாசித்தார். அவன் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினான். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பா கொழுந்து நிறுக்கும்போது பேசுகிற குரலில் கேட்டார்.

"எத்தனாவது?"

"ரெண்டாவதுங்க."

"எத்தன பேர்ல?"

"ரெண்டு பேர்ல."

அப்பா சோற்றைப் பிசைந்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "இவன் கடைசியாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரும்போது வழி முழுக்க எனக்கு முகம் எரிந்தது. நான் எழுதிய கொப்பியிடமே நான் தோற்றுப்போனது எப்படி என்று யோசித்தேனே தவிர, அதில் சிரிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றுகிறது. ஆனால் இப்போது சிரிப்பது சுலபம்.

அடுத்த வாரத்திலிருந்து அவன் கொப்பியில் பிழை போட ஆரம்பித்தேன். முதலில் எழுத்துப் பிழைதான். பிறகு ஒரு வரியை விட்டுவிடுவது. பிறகு சாப்பாட்டுக்கு முன் என்பதைப் பின் என்று ஆக்குவது. பிறகு அளவை மாற்றுவது. பக்கத்துக்கு ஒன்று என்று எனக்குள் ஒரு வரம்பு வைத்திருந்தேன். அளவோடு செய்ததால் அது அயோக்கியத்தனமாகவே படவில்லை. டொக்டர் ஐயா சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார், மார்க்கைக் குறைப்பார், சரியானது என்ன என்று எழுதமாட்டார். எனக்குத் தொண்ணூறு, அவனுக்கு ஐம்பத்தைந்து. வீட்டில் அப்பா, "எம் மகன்தான் கிளாஸ்லயே மொதலாவது" என்று தலைமைக் கிளாக்கரிடமும் கோயில் குருக்களிடமும் சொல்லத் தொடங்கினார். எத்தனை பேரில் என்பதை அவரும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நான் அவர் பிள்ளைதான்.

ஆறு மாதத்துக்குள் டொக்டர் ஐயா கொப்பியை வாசிப்பதை நிறுத்திவிட்டார். முதல் பக்கத்தைத் திறப்பார், கையெழுத்தைப் பார்ப்பார், மூடுவார், தொண்ணூறு என்பார். அடுத்ததை மூடியபடியே ஐம்பத்தைந்து என்பார். ஒரு வாரம் எனக்குச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. அவன் கொப்பியில் ஒரு பிழைகூட இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஐம்பத்தைந்தே வந்தது. அன்று டொக்டர் ஐயா அவனைப் பார்த்து, "தம்பி, உமக்குக் கை நல்லாத்தான் வேலை செய்யுது. மண்டைதான் வேலை செய்யுதில்லை" என்றார். அவன் தலையைக் குனிந்து, "ஆமாங்க ஐயா" என்றான். கொப்பியை எழுதியது நான் என்றாலும், மார்க் குறைவது தன்னால்தான் என்று அவன் நம்பியிருந்தான்; என் எழுத்தில் பிழை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. பிழை போடாமலே அவனுக்குக் குறையும் என்று தெரிந்த பிறகும் நான் பிழை போடுவதை நிறுத்தவில்லை. இதற்கு இன்றுவரை என்னிடம் நியாயம் கிடையாது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எனக்கு உதறல் எடுத்தது. கொழும்பில் நிஜ நோயாளியின் முன்னால் நிறுத்திச் செய்யச் சொல்லுவார்கள். நானோ இரண்டு வருடத்தில் ஒரு சிரங்குகூட ஒழுங்காகக் கழுவியதில்லை. அவனிடம்தான் போய் நின்றேன். அவன் உடனே சொல்லிக்கொடுத்தான். தன் காலை நீட்டி என்னைக் கட்டுப்போட வைத்தான். அவிழ்ந்தால் திரும்பப் போட வைத்தான். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

"மருந்தக் குடுத்துட்டு அடுத்த ஆளுக்குப் போயிராத மச்சான். வாயத் தொறக்கச் சொல்லு. நாக்கத் தூக்கச் சொல்லு. கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சிருந்து, அந்தப் பக்கம் போயித் துப்பிருவாங்க."

மூன்றாவது வரிசையில் நின்ற ஒரு கிழவர் அப்படித்தான் செய்திருந்தார். மாட்டிக்கொண்டதும் அவர்தான் முதலில் சிரித்தார்.

இரத்தத்துக்கும் அவன் ஒரு வழி சொன்னான். காயத்தைப் பார்க்காதே, காயத்தின் ஓரத்தைப் பார், ஓரத்திலிருந்து சுத்தம் செய்துகொண்டே உள்ளே போ, நடுவுக்கு வரும்போது பயம் போயிருக்கும் என்றான். போயிருந்தது. அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த எதிலும் ஒரு பிழை இல்லை.

அதே மாதம் அவன் என் கையெழுத்தில் இருந்த தன் கொப்பிகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். துணி அவிக்கும் கொட்டகையில், கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி வரி வரியாகச் சொல்லுவான். ஆங்கிலம் முழுதாக விளங்காததால் ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே சொல்லுவான். நான் எத்தனையோ தரம் அந்தக் கொட்டகையைக் கடந்து போனேன். காதில் விழுந்தது. என்ன எழுதினேன் என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

தலவாக்கலையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். எழுத்துப் பரீட்சை ஒரு நாள், செய்முறையும் வாய்மொழியும் மறுநாள். செய்முறையில் என்னை ஒரு சிங்களக் கிழவரின் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தி, அவருக்குரிய மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பரீட்சகர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நான் நகரவில்லை. வாய் தானாக, "வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க" என்றது. கிழவர் விழித்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "கட அரின்ன" என்றேன். வாயைத் திறந்தார். நாக்குக்கு அடியில் மாத்திரை அப்படியே இருந்தது. பரீட்சகர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தாதியின் முகம் போன போக்கைப் பார்த்தால், அந்தக் கிழவர் பல நாளாக இதைச் செய்துவந்திருக்கிறார் என்று தெரிந்தது. பரீட்சகர் தன் தாளில் என்னவோ நீளமாக எழுதினார். நான் பெரிய கெட்டிக்காரனைப்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

வாய்மொழியில் எனக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவன் நெடுநேரம் வரவில்லை. உள்ளே குரல் உயர்வது கேட்டது. அவனுடைய குரல். அவன் குரல் உயர்ந்து நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

வெளியே வந்தவன் முகம் சிவந்திருந்தது. ஆனால் கண்ணில் ஒரு மிடுக்கு.

"உள்ள இருக்கிற ஒருத்தருக்குப் பாடமே தெரியல மச்சான்" என்றான். "அபின் மருந்து, ஒரு வயசு ஆகாத பச்சப் புள்ளைக்கு எவ்வளவுன்னு கேட்டாரு. ரெண்டு துளின்னேன். யோசிச்சுச் சொல்லுன்னாரு. யோசிச்சு ரெண்டு துளின்னேன். யார் சொன்னதுன்னாரு. கொப்பியில இருக்குங்க சேர்னு சொன்னேன். கொப்பி தப்புன்னு சொல்றாரு! விடுவனா? அது எங்க கிளாஸ்ல மொதலாவது வர்றவன் எழுதுனது, அவன் எழுத்துல தப்பு வராது சேர்னு சொல்லிட்டேன். மூணு தரம் கேட்டாரு. மூணு தரமும் சொல்லிட்டேன்."

டொக்டர் ஐயா அன்று சொன்ன பாடம் வரிக்கு வரி நினைவுக்கு வந்தது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அபின் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. தூங்கும், அந்தத் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். என் கொப்பியில் அப்படித்தான் எழுதினேன். அவனுடையதில் இரண்டு துளி என்று எழுதினேன். இது டொக்டர் ஐயா கண்ணில் நிச்சயம் படும், பத்து மார்க்காவது போகும் என்று நினைத்து எழுதினேன். அவர் வாசிப்பதை நிறுத்தியிருந்தது எனக்கு அப்போது தெரியாது; அந்தப் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அபின் மருந்து டொக்டர் ஐயாவின் பூட்டிய அலமாரியில் இருந்தது. அவன் கைக்கு அது வந்ததே இல்லை. அவனுக்கு அதைப்பற்றித் தெரிந்ததெல்லாம் நான் எழுதிய அந்த ஒரு வரிதான்.

தன் பதில் என்றால் அவன் முதல் தடவையிலேயே தலையைக் குனிந்து, "ஆமாங்க ஐயா" என்றிருப்பான். என் எழுத்துக்காகச் சண்டை போட்டான். அந்தப் பரீட்சகர் வேறு கேள்வி கேட்டிருந்தால், அவன் தேறிப்போய் ஏதோ ஒரு தோட்டத்தில், பேதியில் அழுகிற ஏதோ ஒரு குழந்தைக்கு இரண்டு துளி ஊற்றியிருப்பான். ரயிலில் வரும் வழியெல்லாம் அவன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தான். நான் தலைவலி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சில வாரத்தில் தபால் வந்தது. நான் தேறியிருந்தேன். அவன் தேறவில்லை. டொக்டர் ஐயா இரண்டு கடிதத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நான் போட்ட மார்க் பிழைக்கேல்லை, பார்த்தீரோ?" என்று என்னிடம் பெருமைப்பட்டார். தொண்ணூறு தேறியது, ஐம்பத்தைந்து தேறவில்லை. அவருக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. எனக்குப் பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை. இரண்டு மாதம் கழித்துப் போக வேண்டும். அப்பா கோயிலில் பொங்கல் வைத்தார்.

அவனுக்கு ஆறு மாதத்தில் இன்னொரு தடவை எழுத அனுமதி கிடைத்தது. அதுதான் கடைசி. அதிலும் தேறாவிட்டால் பழையபடி வாளியைத் தூக்க வேண்டியதுதான் என்று துரைமார் சொல்லிவிட்டார்கள். டிஸ்பென்சருக்குத் தனி வீடு உண்டு, தனித் தண்ணீர்ப் பைப்பு உண்டு. அவன் அம்மாவுக்கு லயத்துக் காம்பராவில் ஓயாத இருமல். பக்கத்துக் காம்பரா அடுப்புப் புகை சுவருக்கு மேலால் வரும். இரண்டு வருடமாக அந்த அம்மா தனி வீட்டைப்பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். வரப்போகும் அவரைக்காய்ப் பந்தலுக்கு விதைகூட எடுத்து வைத்திருந்தார்.

அவன் மறுபடியும் அந்தக் கொட்டகைக்குப் போனான். அதே கொப்பிகளைத் திறந்தான். முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம்.

என்னிடம் நேரே போய்ச் சொல்கிற தைரியம் இருந்ததா? இல்லை. நான் ஒரு தந்திரம் செய்தேன். என் கொப்பியைப் பார்த்து எல்லாவற்றையும் புதிதாக ஒரு முறை எழுதினேன். மூன்று வாரம். விரல் வீங்கியது. அவனிடம் கொண்டுபோய், பழையது நைந்துவிட்டது, இதைப் படி என்று கொடுத்தேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"எதுக்கு மச்சான் ஒனக்கு இவ்வளவு பாடு? பழசு எனக்கு அப்படியே மனசுல இருக்கு. எந்த வரி எந்த மூலையில இருக்குன்னு கண்ண மூடுனாத் தெரியுது. இப்பப் புதுசப் பாத்தா எல்லாம் கொழம்பிரும். அதுவும் நீ எழுதுனது தானே?"

அந்த மூன்று வாரக் கூலியில்லாத வேலையும் பாழ். இனிச் சொல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

அவன் அடுத்த தடவை தேறினான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதற்குமேல் யாரும் என்னைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். நான் அவனிடம் சொன்ன மறுநாளே இரண்டு பேரும் டொக்டர் ஐயாவிடம் போனோம். அவரிடமும் நானே சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாலு நாள் உட்கார்ந்து அந்தக் கொப்பிகளை முதல் முறையாகக் கடைசிவரை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் சுருங்கியது. நான் வேண்டுமென்றே போட்ட பிழைகள் ஒரு பக்கம். நான் தெரியாமலே போட்ட பிழைகள் ஒரு பக்கம். அவை என் கொப்பியிலும் அப்படியே இருந்தன, தொண்ணூறு மார்க்கோடு. சில பிழைகள் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பாடத்திலேயே இருந்தவை. அவற்றைக் கண்டபோது தொண்டையைச் செருமிக்கொண்டு, அவரே திருத்தி எழுதினார். பிறகு நான் வேலைக்குப் போகும் நாள்வரை சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று பேரும் அந்த மேசையில் உட்கார்ந்தோம். டொக்டர் ஐயா தமிழில் விளக்கிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுத வைத்தார். அவன் கேள்வி கேட்டான். அவன் கேள்வி கேட்பவன் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அவனிடம் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான் எனக்கு இன்னும் தீரவில்லை. மழை விட்டிருந்தது. அவன் கொட்டகை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, அவித்துக் காயவைத்த கட்டுத்துணிகளை முழங்கால்மேல் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். அப்பா கடைசி என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன், ஏதோ அதில்தான் குற்றம் இருப்பதுபோல. பக்கத்துக்கு ஒரு பிழை என்றேன். அபின் வரியைச் சொன்னேன். பரீட்சகர் சொன்னதுதான் சரி என்றேன். அவன் கை மட்டும் துணியை உருட்டிக்கொண்டே இருந்தது.

"எந்தெந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"ஞாபகமில்ல மச்சான்."

"ஒண்ணுகூடவா?"

"அந்த ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விடலாம். அவன் உருட்டி முடித்த துணியை மற்றவற்றோடு அடுக்கினான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் வரும் என்று நான் காத்திருந்த முகத்தில் வேறு என்னவோ இருந்தது. நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் ஒன்றைக் கேட்கிறவனின் முகம்.

"அப்ப எனக்குப் படிப்பு வருமா மச்சான்?"

வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவன் எழுந்து வந்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.